தொண்டையில் சிக்கிய உருண்டை

கேள்வி: மூன்று மாதங்களாகத் தொண்டைக் குழியில் ஏதோ உருண்டை சிக்கியிருப்பது போல் இருக்கிறது. எச்சிலை விழுங்கும்போது உறுத்துகிறது, செருமினாலும் போவதில்லை. சாப்பிடும்போது மட்டும் ஒன்றும் தெரிவதில்லை. புற்றுநோயாக இருக்குமோ?

பதில்: சாப்பிடும்போது ஒன்றும் தெரிவதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கடிதத்தில் ஆறுதலான வரி. கட்டி ஏதேனும் அடைத்துக்கொண்டிருந்தால், பெரும்பாலும் முதலில் திட உணவும், நாளடைவில் நீராகாரமும் இறங்கச் சிரமப்படும். உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் ‘குளோபஸ்’ எனப்படும், தீங்கற்ற உணர்வாகவே இருக்கலாம். உணவுக்குழாயின் மேல்வாயிலுள்ள வளையத் தசை இறுகுவது, இரைப்பை அமிலம் மேலேறித் தொண்டையை உறுத்துவது, மனஅழுத்தம் ஆகியவை இதனுடன் தொடர்புடையவை. ஒரு காலத்தில் மருத்துவர்களே இதை ‘ஹிஸ்டீரியா’ என்று ஒதுக்கினார்கள். அது அநியாயம், ஏனெனில் இந்த உறுத்தல் கற்பனையன்று.

உருண்டை இருக்கிறதா என்று சோதிப்பதற்காகவே நாம் திரும்பத் திரும்ப எச்சிலை விழுங்குவதும், செருமிச் செருமித் தொண்டையைப் புண்ணாக்குவதும்தான் அதை நீடிக்கச் செய்கின்றன. செருமத் தோன்றும்போது ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். நெஞ்செரிச்சலும் இருந்தால், படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே உணவை முடித்துவிடுங்கள்.

இருந்தாலும், மூன்று மாதங்கள் நீடித்துவிட்டதால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். விழுங்குவதில் சிரமம் அல்லது வலி, 3 வாரங்களுக்கு மேல் குரல் கம்மல், காரணமற்ற எடைக்குறைவு, கழுத்தில் கைக்குத் தட்டுப்படும் கட்டி, எச்சிலில் இரத்தம், ஒரு பக்கம் மட்டுமே உறுத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதம் கூடாது. மூக்கின் வழியே மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.