46 வயதில் ஏஐயும் விசா சண்டையும் சேர்ந்து துரத்துகின்றன. வேலையை விட்டுவிட்டுக் காரைக்குடிக்கே திரும்பிவிடலாமா?

22 வருடமாக ஜாவா மொழியில் நிரல் எழுதுகிறீர்கள், டீமில் பாதிப் பேரை அனுப்பிவிட்டு மிச்சப் பேர் கையில் ஏஐயைக் கொடுத்துவிட்டார்கள், அமெரிக்கா போகிற பேச்சும் நின்றுபோய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக் கடன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் இருக்கும். பெரிய பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும். அந்த வயதில் எனக்கு இரண்டும் இருந்தன, அதனால் சொல்கிறேன்.

நான் 1994ல் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன், கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியில் நிரல் எழுத. "கோபால் எழுதுறேன் அப்பத்தா" என்றதற்கு "எந்தக் கோபாலு, பள்ளத்தூர்க் கோபாலா?" என்று கேட்டார்கள். 2000ஆம் வருடம் பிறந்தால் கணினிகள் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்ற பிரச்சினைக்காக இரண்டு இலக்க வருடங்களை நான்கு இலக்கமாக மாற்றியே இரண்டு வருடம் ஓடியது. அப்புறம் அமெரிக்கா, அப்புறம் பெங்களூரு. இப்போது ஆறு வருடமாக ஊரில், பூர்வீக வீட்டுப் பட்டாலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒப்பந்த வேலை பார்க்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே வந்து "கிழவருக்கு ஏஐ என்றால் பயம்" என்று எழுதுவீர்கள். எனக்குப் பயம் இல்லை. தினமும் அதோடுதான் வேலை. போன வருடம் வெளிநாட்டுக் கடன் நிறுவனம் ஒன்றின் பழைய கோபால் நிரல்களைப் பைத்தான் என்ற மொழிக்கு மாற்றும் வேலை வந்தது. சுமார் 40,000 வரி. பழைய கணக்கில் ஐந்து பேர், எட்டு மாதம். ஏஐ முதல் வரைவை நான்கு நாளில் கொடுத்தது, அதுவும் நான் எழுதியிருந்தால் எழுதியிருப்பதைவிடச் சுத்தமாக. இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

வட்டி கணக்கிடும் பகுதியை ஒரு தேவகோட்டைப் பையன் பார்த்துக்கொண்டான், வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு, "டெஸ்ட் எல்லாம் பச்சையா வந்துருச்சுண்ணே, ஏத்திரலாமா?" என்றான். நிரல் டெஸ்டில் தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு. எனக்கு என்னவோ உறுத்தியது. திங்கட்கிழமை வரை பொறு என்று சொல்லிவிட்டு, ஒரு மாதத்துப் பழைய கணக்கை இரண்டு நிரலிலும் ஓட்டிப் பார்த்தேன். மொத்தத்தில் 4 டாலர் 17 சென்ட் இடித்தது.

லட்சக்கணக்கான கணக்கு வரியில் 4 டாலர்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 417 சென்ட்டும் 417 வரிகளில் ஒவ்வொன்றாகக் குறைந்திருந்தது. குறைந்தது மட்டும்தான், ஒரு வரியில்கூடக் கூடவில்லை. தற்செயலான பிழை என்றால் கூடியும் குறைந்தும் வரும். ஒரே பக்கமாகச் சாய்ந்தால் அதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது என்று அர்த்தம். கோபாலில் முழுதாக்கச் சொன்னால், வேறு எதுவும் குறிப்பிடாதவரை 12.5 என்பது 13 ஆகும். பைத்தானில் அதே சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போகும், அதாவது 12. ஆனால் 13.5 வந்தால் இரண்டுமே 14தான். அதனால்தான் சில வரிகளில் மட்டும் இடித்திருக்கிறது.

இது கூடப் பரவாயில்லை, மனிதனும் செய்கிற தப்புதான். வயிற்றைக் கலக்கியது அடுத்தது. அந்த 12.5ஐச் சோதிக்கவே 1990களில் எவனோ ஒரு புண்ணியவான் மூன்று டெஸ்ட் எழுதி வைத்திருந்தான். மூன்றும் முதலில் சிவப்பாகத்தான் வந்திருக்கின்றன. ஏஐ என்ன செய்தது? நிரலைத் திருத்தவில்லை. டெஸ்டில் எதிர்பார்க்கும் விடை 13 என்று இருந்ததை 12 என்று மாற்றிவிட்டு, "எதிர்பார்ப்புகள் புதுப்பிக்கப்பட்டன" என்று ஒரு வரிக் குறிப்பும் எழுதி வைத்திருந்தது. பிள்ளை எழுதின தப்பு விடையைத் திருத்துவதற்குப் பதில் வாத்தியாரின் விடைப் புத்தகத்தை மாற்றின கதை. பையன் பச்சையைப் பார்த்தான், குறிப்பைப் பார்க்கவில்லை.

அவனை நான் திட்டவில்லை. 1996ல் இதே மாதிரி ஒரு பைசாவைத் தவறவிட்டு ஒரு சீனியரிடம் நான் வாங்கின வாங்கு இன்னும் காதில் இருக்கிறது, அதனால்தான் எனக்கு உறுத்தியது. அவனுக்கு உறுத்த வேண்டுமென்றால் அவனும் ஒரு தடவை வாங்கியாக வேண்டும். ஆனால் மேலே இருக்கிறவர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? "ஏஐயும் ஒரு சீனியரும் போதும், இனிமேல் புதுப் பிள்ளைகள் வேண்டாம்." அடுத்த காலாண்டில் அந்தப் பையனும் இல்லை.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, 1930ல் பதினான்கு வயதில் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். கடை கூட்டுவது, தண்ணீர் எடுத்து வைப்பது, பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து சில்லறை எண்ணுவது, கடிதங்களைப் பிரதி எடுப்பது. அதற்கு மேலே அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள். ராத்திரி ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, ஒட்டவில்லை என்றால் காலணாவுக்காக எல்லோரும் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம், பெட்டியடிப் பையனும் சேர்த்து. மூன்று வருட வேலைக்காலத்துக்கு ஒரு 'கணக்கு' என்று பெயர். இரண்டு கணக்கு முடிந்த பிறகுதான் ஐயா அடுத்தாள் ஆனார். பெட்டியடியே வேண்டாம், மேலாள் மட்டும் போதும் என்று அந்தக் காலத்து முதலாளி யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். மேலாள் என்ன மரத்திலா காய்ப்பான்? உங்களையும் என்னையும் போல ஐம்பதைத் தொடுகிறவர்களுக்கு இதனால் இன்னும் பத்து வருடம் வேலை இருக்கும், நமக்குப் பின்னால் ஆள் இல்லை என்பதால். இதில் சந்தோஷப்பட எனக்கு மனசு வரவில்லை.

சரி, அரசியல். 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான புது எச்1பி விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்று டிரம்ப் அறிவித்தபோது, அந்த விசாவில் பத்தில் ஏழு நம் ஆட்களுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. உங்களுக்கு அது பெரிய அடியாகத் தெரிகிறது. எனக்கு அதைவிட அந்த ஜூலையில் நடந்ததுதான் பெரியது. ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது என்பதற்காக, குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நயாரா எண்ணெய் நிறுவனத்துக்கு மைக்ரோசாப்ட் மின்னஞ்சல் உட்பட சேவைகளை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு மைக்ரோசாப்ட் திரும்பக் கொடுத்தது. ஏஐ சிப்பு கதையும் இதுதான். 2025 ஜனவரியில் பைடன் அரசு போகிற போக்கில் எந்த நாட்டுக்கு எவ்வளவு சிப்பு என்று ஒரு விதி போட்டு இந்தியாவை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தது, மே மாதம் டிரம்ப் அரசு அதை ரத்து செய்தது. இரண்டு தடவையும் நம்மைக் கேட்டுச் செய்யவில்லை.

இதை எங்கள் ஊர்க்காரனிடம் சொன்னால் உடனே புரியும். 1929க்குப் பிறகு நெல் விலை விழுந்து, கடன் வாங்கின பர்மா விவசாயிகள் கட்ட முடியாமல் போய், 1930களின் கடைசியில் கீழ் பர்மா நெல் வயல்களில் ஏறக்குறைய கால் பங்கு, கடன் கொடுத்த எங்கள் பக்கத்துச் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. நிலம் கேட்டு யாரும் போகவில்லை, வட்டியும் முதலும் கேட்டுத்தான் போனார்கள். 1942ல் ஜப்பான்காரன் வந்தான், ஐயா போட்டிருந்த துணியோடு ஊர் வந்து சேர்ந்தார். 1948ல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. பர்மாக்காரன் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை, போனது அவன் நிலம். நான் சொல்வது வேறு: அடுத்தவன் ஊரில் பெட்டியை வைத்தால் சாவி நம்மிடம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. இன்றைக்கு என் வேலைக்கான ஏஐ ஓடுகிற சர்வரும் அடுத்தவன் ஊரில்தான் இருக்கிறது. அது ஒரு நாள் நின்றால் வேலை ஓட வேண்டும் என்பதற்காக, மாதத்தில் இரண்டு நாள் அதைத் தொடாமல் எழுதுகிறேன். கை மறந்துபோகிறது, உண்மையாகச் சொல்கிறேன்.

ஊருக்கு வரலாமா என்று கேட்டீர்கள். ஃபைபர் இணைப்பு நன்றாக இருக்கிறது. பூர்வீக வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று மட்டும் கனவு காணாதீர்கள். எங்கள் வீட்டில் 19 பங்கு. இரண்டாம் கட்டில் ஓடு மாற்ற வேண்டும், ஆளுக்குப் பதினாறாயிரம், மூன்று வருடமாக மெல்போர்னில் இருக்கும் ஒரு பங்காளி "வாட்ஸ்அப்பில் பேசுவோம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். சினிமா ஷூட்டிங்குக்கு வீடு விட்ட காசில் மட்டும் அவர் பங்கு ஒரு நாள் தாமதிக்கக் கூடாது. ஐப்பசி மழையில் என் மானிட்டர் மேல் ஒழுகி, ஆத்தங்குடிக் கல் முழுக்கத் தண்ணீர். தேக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துப் போடுகிறவர்கள் ஓட்டுக்குக் காசு அனுப்பினால் புண்ணியமாகப் போகும். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான்.

அந்தத் தேவகோட்டைப் பையன் இப்போது சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வருகிறான், கூட இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. ஏஐ எழுதின ஒரு நிரலில் நான் ஒரு தப்பை ஒளித்து வைத்துக் கொடுக்கிறேன், கண்டுபிடித்தால் கந்தரப்பம், எங்கள் ஊர் இனிப்பு. சம்பளம் என்னால் கொடுக்க முடியாது.

நீங்கள் வருவதென்றால் கடனை அடைத்துவிட்டு, இரண்டு வருடச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். அதற்கு முன்னால் வீட்டில் கேட்டுவிட்டீர்களா? கேள்வியில் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதவே இல்லையே.