மைனர் லீக்கிலேயே பத்து வருஷம் கிடக்கும் பேஸ்பால் பிட்சர்கள் ஏன் வேறு வேலை தேடிக்கொள்வதில்லை?

"முப்பது வயதாகியும் மேஜர் லீக்கில் நிலைக்கவில்லை என்றால் திறமை இல்லை என்றுதானே அர்த்தம்" என்று கேள்வியோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். நீங்கள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர், பேஸ்பாலுக்குப் புதுசு என்று வைத்துக்கொள்கிறேன். பிட்சர் என்றால் பந்து போடுகிறவர். மேஜர் லீக் என்பது அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டம், மைனர் லீக் அதற்குக் கீழே இருக்கும் படிகள்.

2007 கோடையில் நாஷ்வில்லில் இருந்தேன். ஒரு கன்சல்டன்சி மூலம் கிடைத்த கான்ட்ராக்ட் வேலை. சாயங்காலமானால் போக்கிடம் கிடையாது. அறை நண்பர்தான் கிரீயர் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனார். கிடார் வடிவத்தில் பெரிய ஸ்கோர்போர்டு வைத்திருப்பார்களே, அதே இடம். நாஷ்வில் சவுண்ட்ஸ் டிரிபிள்-ஏ அணி, அதாவது மேஜர் லீக்குக்கு ஒரே ஒரு படி கீழே. டிக்கெட் மலிவு என்பதால் கேட்சருக்கு (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) பின்னாலேயே உட்கார முடிந்தது.

அன்றைக்குப் பந்து போட்டவர் ஆர்.ஏ. டிக்கி. அதே ஊர்க்காரர், வயது 32. அவர் போட்டது நக்கிள்பால். புவனேஷ்வர் குமார் கையில் நீங்கள் பார்த்திருக்கும் நக்கிள் பந்து பேஸ்பாலிலிருந்து போனதுதான். விரல் நகங்களைப் பந்தில் அழுத்திப் பிடித்து, சுழலவே விடாமல் தள்ளிவிட வேண்டும். சுழலாத பந்தின் சிவப்புத் தையல் எங்கள் இருக்கையிலிருந்தே தெளிவாகத் தெரிந்தது. கடைசி நொடியில் அது எந்தப் பக்கம் விலகும் என்று போடுகிறவருக்கே தெரியாது. வழக்கத்தைவிடப் பெரிய கையுறை போட்டிருந்த கேட்சரே பந்தைத் தவறவிட்டு, நெஞ்சில் வாங்கிக் கீழே தேடிக்கொண்டிருந்தார். திறமை இல்லாதவர் செய்கிற காரியமா அது?

பக்கத்து இருக்கைப் பெரியவர்தான் டிக்கி கதையைச் சொன்னார். 1996இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அவரை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்து 8,10,000 டாலர் தருவதாகச் சொன்னது. ஒரு பத்திரிகை அட்டைப் படத்தில் அவர் கை தொங்கிய விதம் அணியைச் சேர்ந்த ஒருவருக்கு உறுத்த, ஸ்கேன் எடுத்தார்கள். வலது முழங்கையில் இருக்க வேண்டிய லிகமென்டே (எலும்புகளைப் பிணைக்கும் நார்) இல்லை. தொகை 75,000 டாலராகிவிட்டது. அந்தக் கையோடுதான் பல வருஷம் மேஜருக்கும் மைனருக்கும் போய் வந்தார். வேகம் குறைந்ததும் 2005இல் நக்கிள்பாலுக்கு மாறச் சொன்னார்கள். 2006 ஏப்ரலில் நக்கிள்பால் பிட்சராக முதல் ஆட்டம், டெட்ராய்ட் அணி ஆறு ஹோம்ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தது. மறுபடியும் மைனர் லீக்.

நான் பார்த்த அந்த சீசனில் அவர் கணக்கில் 13 வெற்றி, 6 தோல்வி (பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியை பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள்), அந்த லீக்கின் சிறந்த பிட்சர் விருது. அதற்கப்புறமும் டகோமா, ரோச்செஸ்டர், பஃபலோ என்று ஊர் ஊராக அலைச்சல்தான். 2010 ஏப்ரலில் பஃபலோவுக்காக ஆடியபோது முதல் பேட்டர் ஒரு ஹிட் அடித்தார், அதன்பின் டிக்கி வரிசையாக 27 பேரை அவுட்டாக்கினார். ஒரு முழு ஆட்டத்துக்கு ஓர் அணிக்கு மொத்தமே 27 அவுட்தான். அடுத்த மாதம் நியூயார்க் மெட்ஸ் மேலே கூப்பிட்டது. 2012இல் 20 வெற்றி, 6 தோல்வி, 230 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை அடிக்க விடாமல் பிட்சரே அவுட்டாக்குவது), மேஜர் லீக்கில் சிறந்த பிட்சருக்குத் தரும் சை யங் விருது. நக்கிள்பால் பிட்சர் யாருக்கும் அதற்கு முன் அந்த விருது கிடைத்ததில்லை. அந்த சீசனில் அவருக்கு வயது 37. உங்கள் கணக்குப்படி ஏழு வருஷம் முன்பே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்.

"ஒரு டிக்கியைக் காட்டிப் பேசாதே" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். மைனர் லீக்கில் இருக்கும் பெரும்பாலோர் மேஜர் லீக்கில் ஒரு பந்துகூடப் போடாமலே ஓய்வு பெறுகிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் டிரிபிள்-ஏ வரை வந்தவரைத் திறமை இல்லாதவர் என்று சொல்லாதீர்கள். அவர்களைச் சுரண்டியதைப் பேசுங்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாதபடி 2018இல் அமெரிக்க நாடாளுமன்றமே வழி செய்தது. 2022இல் வீரர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்த பிறகுதான், 2023 ஒப்பந்தத்தில் டிரிபிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், "இன்னும் கான்ட்ராக்ட்லயேதான் இருக்கியா" என்று சொந்தக்காரர்களிடம் நானும் கேட்டுச் சலித்தவன். நாஷ்வில் வேலை முடிந்ததும் அந்த கன்சல்டன்சி என்னை வேலையும் சம்பளமும் இல்லாமல் பெஞ்ச்சில் உட்கார வைத்தது. எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் அப்படிச் செய்யக் கூடாது, சட்டவிரோதம். அமெரிக்கத் தொழிலாளர் துறைக்கு டபிள்யூ.எச்-4 படிவத்தில் புகார் கொடுத்த பிறகுதான் பாக்கி வந்தது. யாராவது அந்த நிலைமையில் இருந்தால் 12 மாதத்துக்குள் புகார் கொடுத்துவிடுங்கள். படிவம் நிரப்புவதில் சந்தேகம் என்றால் கமெண்டில் கேளுங்கள், சொல்கிறேன்.