கச்சேரி, ஸ்டேடியம், பறவைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சின்ன பைனாகுலர்: 8×25 வாங்கலாமா, 10×25 வாங்கலாமா?

8×25 எடுங்கள். ஸ்டேடியத்தில் ஆட்டம், மேடைக் கச்சேரி, எப்போதாவது நாடகம், மலையேறும்போது பறவைகள், எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும், பையில் கிடந்தால் கனம் தெரியக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு 8×25 நன்றாகவே ஒத்து வரும். நாடகத்துக்கு மட்டும் அதுவே கொஞ்சம் அதிகம், அதைப் பிறகு சொல்கிறேன். பல வருடமாக நான் வெளியே எடுத்துப் போவது சின்ன பைனாகுலர்தான். பெரியது எவ்வளவு நன்றாக இருந்தாலும் கிளம்பும் நேரத்தில் அதை வைத்துவிட்டுப் போகத்தான் தோன்றும். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் எண் எத்தனை மடங்கு என்பது, இரண்டாவது எண் முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 80 மீட்டர் தள்ளி நிற்பவர் 8 மடங்கில் பார்த்தால் 10 மீட்டரில் நிற்பது போலத் தெரிவார். 10 மடங்கில் 8 மீட்டரில் நிற்பது போலத் தெரிவார். கிடைக்கும் லாபம் இந்த 2 மீட்டர்தான். அதற்காக மூன்று விஷயங்களை விட்டுக்கொடுக்கிறோம்.

பெரிய இழப்பு பார்வைப் பரப்பு, அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு அகலம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது. கடையில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை, வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் முதல் அளவு. கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிட்ச்சின் நீளம் 22 கெஜம், 20 மீட்டருக்குச் சற்று மேல். நீங்கள் பக்கவாட்டு கேலரியில், பிட்ச்சிலிருந்து 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். 6.5 டிகிரி பரப்பு உள்ள ஒரு 8×25-இல் அங்கே சுமார் 11 மீட்டர் அகலம் தெரியும். பேட்ஸ்மேன் முழுதாகத் தெரிவார், சுழற்பந்து என்றால் கீப்பரும் ஸ்லிப்பும் சேர்ந்து தெரிவார்கள், பந்து வீசுபவர் தெரிய மாட்டார். 5 டிகிரி மட்டுமே உள்ள 10×25 என்றால் அந்த அகலம் 9 மீட்டருக்கும் கீழே போய்விடும். பந்து அடிபட்டுப் பறந்ததும் அதன் பின்னாலேயே திருப்பிப் பிடிப்பது இரண்டிலும் கஷ்டம், 10-இல் அநேகமாக நடக்காது. சைட் ஸ்கிரீன் பக்கம் சீட் கிடைத்தால் நிலைமையே வேறு. பௌலர், பேட்ஸ்மேன், கீப்பர் எல்லோரும் ஒரே வரிசையில் வந்துவிடுவார்கள், பைனாகுலரை அசைக்கவே வேண்டாம்.

நான் ஆட்டத்தை வெறும் கண்ணால்தான் பார்க்கிறேன். இரண்டு பந்துகளுக்கு நடுவில்தான் பைனாகுலரை எடுப்பேன். பௌலர் விரல்களைத் தையலில் எப்படி வைக்கிறார், கேப்டன் கையை அசைத்து யாரை எங்கே நகர்த்துகிறார், புதிதாக இறங்கிய பேட்ஸ்மேன் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள பிட்ச்சில் எங்கே கீறுகிறார். நேரில் போய் உட்கார்ந்தால் இதெல்லாம் நம் இஷ்டத்துக்குப் பார்க்கலாம். டிவியில் கேமரா காட்டுவதைத்தான் பார்க்க முடியும்.

பெட்டியில் இந்த அளவை இரண்டு விதமாகப் போடுவார்கள். சிலர் டிகிரியில் போடுவார்கள், சிலர் 1000 மீட்டர் தூரத்தில் இத்தனை மீட்டர் என்று போடுவார்கள். டிகிரியை 17.5-ஆல் பெருக்கினால் மீட்டர் வந்துவிடும். 8×25 வாங்கும்போது 110 மீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். 120-ஐத் தாண்டினால் ரொம்பவே நல்லது.

அடுத்தது வெளிச்சம். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், பின்பக்கம் கண்ணுக்கு வரும் ஒளி வட்டத்தின் விட்டம் கிடைக்கும். 8×25-க்கு 3.1 மி.மீ., 10×25-க்கு 2.5 மி.மீ. நல்ல வெயிலில் நம் கண் பாவையே 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும், அதனால் பகலில் பெரிய வித்தியாசம் தெரியாது. மாலை மங்கும்போதும், விளக்கை அணைத்த அரங்கத்திலும் பாவை விரியும். அப்போது 8×25-இல் தெரியும் காட்சி 10×25-ஐ விட ஒன்றரை மடங்கு வெளிச்சமாக இருக்கும். காட்டு நிழலில் கிளைக்குள் உட்கார்ந்திருக்கும் பறவையின் மார்பு என்ன நிறம் என்று சொல்ல முடிவதும் முடியாததும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

கை நடுக்கமும் அதே மடங்குக்குப் பெரிதாகும். மேலே ஏறி வந்த மூச்சிரைப்போடு 10 மடங்கைப் பிடித்தால் படம் ஆடிக்கொண்டே இருக்கும். சின்ன பைனாகுலரில் எடை குறைவு என்பதால் நடுக்கம் இன்னும் கூடத் தெரியும். முழங்கைகளை விலாவில் ஒட்டிவைத்துப் பிடித்தால் ஓரளவு நிற்கும். நடுக்கத்தைச் சரிசெய்யும் பொறியே உள்ளே இருக்கிற மாடல்களும் உண்டு. கேனான் 8×20, 10×20 அளவுகளிலேயே தருகிறது. மூன்று மணி நேரக் கச்சேரிக்கு அது பெரிய சௌகரியம். ஆனால் பேட்டரி வேண்டும், எடையும் விலையும் சாதாரண 8×25-ஐ விடக் கணிசமாகக் கூடும்.

சரி, 8×25 என்று முடிவாகிவிட்டது. அதிலும் நல்லது எது என்பதுதான் இன்னும் முக்கியமான கேள்வி.

சின்ன பைனாகுலரின் உண்மையான சிரமம் கண்ணை அந்த 3 மி.மீ. வட்டத்தில் சரியாக வைப்பதுதான். கொஞ்சம் விலகினாலும் ஓரத்தில் கருப்பாகப் பிறை போல ஒரு நிழல் விழும், இன்னும் விலகினால் பாதிப் படமே போய்விடும். நிறைய பேர் "எனக்கு பைனாகுலர் ஒத்துக்கொள்வதில்லை" என்று சொல்வது இதனால்தான். இரண்டு குழாய்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி உங்கள் கண்களின் இடைவெளிக்குப் பொருந்த வேண்டும். பெரும்பாலான மாடல்கள் ஏறக்குறைய 56-இலிருந்து 72 மி.மீ. வரை விரியும். பிள்ளைகளும் பார்க்கப் போகிறார்கள் என்றால் குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். சட்டைப் பையில் போகும் அளவுக்கு மடங்குபவற்றில் இரண்டு கீல் இருக்கும். அழகாக மடங்கும், ஆனால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் இரண்டு பக்கமும் சரிசெய்ய வேண்டும். அதற்குள் பறவை போய்விடும். எனக்கு ஒற்றைக் கீல்தான் பிடிக்கும்.

மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் ஐ ரிலீஃப் என்று போட்டிருக்கும் அளவைக் கட்டாயம் பாருங்கள். கண்ணைப் பின் லென்ஸிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைத்து முழுப் படத்தையும் பார்க்கலாம் என்பது அது. 15 மி.மீ.க்குக் கீழே என்றால் கண்ணாடியோடு பார்க்கும்போது படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்க்கலாம், ஃபோகஸ் சக்கரமே அதை ஈடுகட்டிவிடும். சிலிண்டர் பவர் இருந்தால் ஈடுகட்டாது, கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும்.

தலைகீழாக விழும் படத்தை நிமிர்த்த உள்ளே ப்ரிஸம் என்ற கண்ணாடிக் கட்டைகள் இருக்கும். அதில் இரண்டு வகை. நேர்க் குழாய் போல ஒல்லியாக இருப்பவை ரூஃப் ப்ரிஸம். முன் லென்ஸுகள் நெருக்கமாகவும் பின் லென்ஸுகள் அகலமாகவும் இருக்கும் குட்டையான வடிவம் போரோ ப்ரிஸத்தைத் திருப்பிப் போட்டது. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-இல் காப்புரிமை பெற்ற அதே அமைப்புதான். ரூஃப் ப்ரிஸத்தைத் துல்லியமாகச் செய்வது செலவு பிடித்த வேலை. அதில் படம் கூர்மையாக வர ஃபேஸ் கோட்டிங் என்ற தனிப் பூச்சும் தேவை, 1988-இல் ஜெர்மன் நிறுவனமான ஸைஸ் (Zeiss) கொண்டுவந்தது அது. விலை குறைந்த ரூஃப் மாடல்களில் பெரும்பாலும் இந்தப் பூச்சு இருக்காது. ஆகவே பட்ஜெட் குறைவு என்றால் திருப்பிப் போட்ட போரோவே மேல். நிக்கானின் டிராவலைட் வரிசை இந்த வகைதான். கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். தாராளமாகச் செலவழிக்க முடியும் என்றால் ஸைஸின் டெர்ரா ஈ.டி. பாக்கெட், அதற்கு மேலே ஸ்வரோவ்ஸ்கியின் சி.எல். பாக்கெட் போன்றவற்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். இரண்டும் 8×25-இல் கிடைக்கும், தண்ணீர் புகாது.

பூச்சு என்றதும் இன்னொன்று. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 4 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு குழாய்க்குள் இப்படிப் பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே போய்விடும். அதனால்தான் "ஃபுல்லி மல்ட்டி கோட்டட்" (எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு) என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். முன் லென்ஸ் சிவப்புக் கண்ணாடி போல ஜொலிப்பவற்றைத் தொடவே வேண்டாம். படத்துக்கு வர வேண்டிய சிவப்பு வெளிச்சத்தைத்தான் அது திருப்பி அனுப்புகிறது, பார்க்கும் காட்சி பச்சை நீலமாகத்தான் இருக்கும். ஜூம் வைத்தவை, ஃபோகஸ் செய்யவே தேவையில்லை என்று விற்கப்படுபவை, பாக்கெட் அளவில் இருந்துகொண்டு 60×60, 100×100 என்று எண் போட்டவை, இவையும் வேண்டாம்.

கடையில் சோதித்துப் பார்க்க ஒன்றிரண்டு நிமிடம் போதும். பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து வெளிச்சமான சுவரைப் பார்த்துக் காட்டுங்கள். பின் லென்ஸில் தெரியும் ஒளி வட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் சாம்பல் நிறமாக வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் ப்ரிஸத்தில் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். அப்புறம் தூரத்தில் ஒரு கட்டடத்தின் விளிம்பையோ கம்பியையோ ஒரு நிமிடம் விடாமல் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்தாலோ, கண்ணை யாரோ இழுப்பது போல இருந்தாலோ, பைனாகுலரை எடுத்ததும் பார்வை நிலைகொள்ள ஒரு கணம் ஆனாலோ, இரண்டு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். நிச்சயம் தலைவலி வரும். வேறு பீஸ் கேளுங்கள், அதே மாடலில் அடுத்தது சரியாக இருக்கலாம்.

வாங்கியதும் டயாப்டரை, அதாவது இரண்டு கண்களின் பவர் வித்தியாசத்தை ஈடுகட்டும் வளையத்தை, சரிசெய்துகொள்ளுங்கள். வலது லென்ஸை மூடிக்கொண்டு நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்கு ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு இடதை மூடிக்கொண்டு, சக்கரத்தைத் தொடாமல், வலது பக்கத்தில் உள்ள அந்த வளையத்தை மட்டும் திருப்பி அதே பொருளைக் கூர்மையாக்குங்கள். வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இதைச் செய்யாமல் வருடக்கணக்காக ஒரு கண்ணால் மட்டும் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

நாடகத்துக்கு வருவோம். மேடையிலிருந்து 20 மீட்டரில் உட்கார்ந்தால் 6.5 டிகிரிக்கு 2.3 மீட்டர் அகலம்தான் தெரியும். நடிகரின் முகபாவம் அற்புதமாகத் தெரியும், அவர் யாரிடம் பேசுகிறார் என்பது தெரியாது. நாடகம்தான் அடிக்கடி என்றால் 4 மடங்கிலிருந்து 6 மடங்குக்குள் தேடுங்கள்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பென்டாக்ஸ் பாப்பிலியோ 6.5×21. நாடகத்துக்கும் ஆகும், ஆனால் அதன் தனிச்சிறப்பு அரை மீட்டர் பக்கத்தில் இருப்பதற்கும் ஃபோகஸ் ஆகும் என்பது. சாதாரண பைனாகுலர்கள் இரண்டு மூன்று மீட்டருக்குள் வந்தாலே மங்கிவிடும். இதை வைத்துக்கொண்டு ஒரு பூச்செடி முன்னால் குந்தி உட்கார்ந்தால், வண்ணத்துப்பூச்சி சுருட்டிவைத்த உறிஞ்சுகுழலை நீட்டிப் பூவுக்குள் விடுவதைப் பார்க்கலாம். இறக்கையில் செதில்கள் வரிசையாக அடுக்கியிருப்பது தெரியும். தும்பி தலையைத் துடைத்துக்கொள்வதும் தெரியும். பறவை ஒன்றுகூடத் தென்படாத மதிய வெயிலில் என் நேரமெல்லாம் இதில்தான் போகிறது. தண்ணீர் புகாத மாடல் இல்லை, மழையில் மட்டும் உள்ளே வைத்துவிட வேண்டும்.

மழையிலும் பனியிலும் நடப்பவர் என்றால் உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்ததாக வாங்குங்கள், லென்ஸின் உட்புறம் ஆவி படியாது. அரங்கங்களுக்கு மட்டும் என்றால் இது தேவையில்லை. அதிகாலையும் அந்தியும்தான் உங்கள் நேரம் என்றால் 8×32-க்குப் போய்விடுங்கள். ஒளி வட்டம் 4 மி.மீ., கண் வைப்பதும் சுலபம். எடைதான் பொதுவாக அரைக் கிலோவைத் தொடும், 8×25 என்றால் 300 கிராமை ஒட்டித்தான் இருக்கும்.

சில அரங்கங்களில் பைனாகுலரை உள்ளே விடுவதில்லை, டிக்கெட் எடுக்கும்போதே விதிகளைப் பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது என்று சொல்லிக் கொடுங்கள், ஒரு நொடியில் பார்வை போய்விடும். லென்ஸில் தூசு படிந்தால் துணியால் நேராகத் துடைக்காதீர்கள், மணல் துகள் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊது பந்தால் காற்றை அடித்துத் தூசை விலக்கிவிட்டு, பிறகு லென்ஸ் துணியால் மெதுவாகத் துடையுங்கள்.