பேட்டரி தேய்ந்ததா, பழுதா?

கேள்வி: பத்து மாதத்துக்கு முன் ஆன்லைனில் வயர்லெஸ் இயர்பட்ஸ் வாங்கினேன். ஒருமுறை சார்ஜ் செய்தால் 8 மணி நேரம் வரை ஓடும் என்று விளம்பரத்தில் இருந்தது. ஆரம்பத்தில் ஆறு மணி நேரம் வந்தது. இப்போது இடது பட் ஒன்றேகால் மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. வலது பட் நான்கரை மணி நேரம் தாங்குகிறது. வாரண்டி ஒரு வருடம். ஆனால் சர்வீஸ் சென்டரில், "பேட்டரி தேயும் பொருள், வாரண்டியில் வராது, வியர்வை வேறு இறங்கியிருக்கிறது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் அந்த 8 மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு போடாதீர்கள். "வரை" என்ற ஒரு சொல்லை எதற்குப் போடுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? அட்டைப்பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் பாருங்கள்: நாய்ஸ் கேன்சலேஷனை (வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வசதி) அணைத்துவிட்டு, ஒலியைப் பாதியளவில் வைத்துச் சோதித்தது என்று இருக்கும். ஆரம்பத்தில் ஆறு மணி நேரம் வந்ததே அவர்களுக்குச் சாதகமாகப் போய்விடும்.

உங்கள் பலம் இடது பட்தான். இரண்டும் ஒரே நாளில் பெட்டியிலிருந்து வந்தவை, ஒரே கேஸில் சார்ஜ் ஆனவை. லித்தியம் அயான் பேட்டரி தேயும் என்பது உண்மை. 300 முதல் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கினால் கொள்ளளவு ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு வந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் வலது பட் ஆறிலிருந்து நான்கரைக்கு வந்திருப்பதைத் தேய்மானம் என்று ஒப்புக்கொள்ளலாம். அதே வயதுள்ள இடது பட் ஒன்றேகாலில் நிற்பதற்குத் தேய்மானம் என்று பெயர் சொல்ல முடியாது. சட்டம் அதைக் குறைபாடு என்றுதான் பார்க்கும்.

இங்கே ஒன்றை உண்மையாகச் சொல்லுங்கள்: போன் பேசும்போது இடது பட்டை மட்டும் மாட்டிக்கொள்ளும் பழக்கம் உண்டா? உண்டென்றால் எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போவது அதைத்தான். மைக் வேலை செய்யும் பக்கம் சீக்கிரம் தீரும். அப்படியே இருந்தாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு அது மட்டும் காரணம் என்று நிரூபிப்பது அவர்களுக்கு எளிதல்ல.

அப்புறம் வியர்வை. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, உப்பு வியர்வையில் அல்ல என்று வாதிடுவார்கள். விளம்பரத்தில் ஓடுகிறவரையோ ஜிம்மில் எடை தூக்குகிறவரையோ காட்டியிருக்கிறார்களா? அந்தப் படத்தை இன்றே சேமித்துவையுங்கள். உடற்பயிற்சிக்கு என்று விற்றுவிட்டு வியர்வையைக் குற்றம் சொல்வது எடுபடாது.

இப்போது ஆதாரம். இரண்டையும் முழுதாக சார்ஜ் செய்து, நாய்ஸ் கேன்சலேஷனை அணைத்து, ஒலியைப் பாதியில் வைத்து ஓடவிடுங்கள். பக்கத்தில் ஒரு கடிகாரம். தொடக்கத்தையும், இடது பட் அணையும் நேரத்தையும், வலது பட் அணையும் நேரத்தையும் வீடியோ எடுங்கள். மூன்று நாள் இதையே செய்யுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் "சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது" என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட இது பேசும்.

அதோடு மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கவுன்டரில் வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. கடைக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்புங்கள்: பில், சீரியல் எண், வீடியோ, மாற்றித் தர வேண்டும் என்ற கோரிக்கை, பதினைந்து நாள் கெடு. வாரண்டி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே இது போய்விட வேண்டும். முடிவு எப்போது வந்தாலும், புகார் வாரண்டிக் காலத்துக்குள் எழுந்தது என்பதற்கு அந்தத் தேதிதான் சாட்சி.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. அதைப் பொறுத்து வழி மாறும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக் காரணம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பிரிட்டனில் முதல் ஆறு மாதத்தில் தெரிந்த பழுது வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். பத்து மாதம் ஆன உங்களுக்கு நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல், கடிகார வீடியோ அங்கே இன்னும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்றவருக்கே இரண்டு ஆண்டுப் பொறுப்பு. வாரண்டி அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அதைக் குறைக்க முடியாது.

கிடைக்கப்போவது பெரும்பாலும் புது இடது பட் அல்லது புது ஜோடி. மன உளைச்சலுக்குப் பெருந்தொகை வரும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அதுவரை பட்டைப் பிரிக்காதீர்கள், வெளியில் யாரிடமும் கொடுத்துப் பழுது பார்க்காதீர்கள். கோபத்தில் மேசை இழுப்பறைக்குள் போட்டும் வைக்காதீர்கள். சார்ஜ் முழுதாக இறங்கிய லித்தியம் பேட்டரி மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் நிஜமாகவே செத்துவிடும். அப்போது அதைக் கொன்றது நீங்கள்தான் என்பார்கள். பாதி சார்ஜில் வைத்திருங்கள்.