கிளிப் எடுத்துத் தருகிற பிள்ளை

வணக்கம்.

நான் இணுவிலில் இருக்கிறேன். பேத்திக்கு ஒன்றரை வயது. மகளும் மருமகனும் வேலைக்குப் போவதால் பகல் முழுக்க என்னோடுதான். கொடியில் உடுப்புக் காயப்போடும்போது கிளிப் கைதவறி விழுந்தால், நாரிப்பிடிப்போடு நான் குனிய முன்னமே எடுத்து நீட்டுகிறாள். ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதைக் கண்ட நாள் முதல் மகள் ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு கண்டோஸ் சொக்கிலேற் கொடுக்கிறாள். "நல்ல பழக்கம், ஊக்கப்படுத்த வேணும்" என்கிறாள். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. மருமகனோ, "அது பாவம் பார்த்துச் செய்யேல்லை மாமி, குரங்கு மாதிரிப் பார்த்துச் செய்யுது" என்கிறார். இன்னொன்று, வாயில் வைத்துச் சப்பிய விசுக்கோத்தையும் எனக்கு நீட்டுகிறாள். சீனி வருத்தக்காரி நான் என்ன செய்ய?

— வாசகி, இணுவில்

அன்புள்ள அம்மா,

கடிதத்தில் கிளிப்பைக் கண்டதும் சிரித்துவிட்டேன். பீலிக்ஸ் வார்னெகென், மைக்கல் டொமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட பரிசோதனையிலும் கொடியும் கிளிப்பும்தான். துவாய் காயப்போடுகிறவர் கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாமல் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். இன்னொரு தடவை இரண்டு கையிலும் சஞ்சிகைக் கட்டோடு வந்து, மூடிய அலுமாரிக் கதவில் முட்டிக்கொள்வார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உங்கள் பேத்தியின் வயதுக்காரர், 24 பேர். அவர்களில் 22 பேர் ஒரு தடவையாவது உதவினார்கள். அதுவும் பெரும்பாலும் முதல் பத்து விநாடிக்குள், அவர் பிள்ளையைத் திரும்பிப் பார்க்க முன்னமே. நன்றியும் கிடையாது, இனிப்பும் கிடையாது.

மருமகனுக்கு இதைச் சொல்லுங்கள். அதே மனிதர் கிளிப்பை வேண்டுமென்றே கீழே எறிந்தபோது பிள்ளைகள் பெரும்பாலும் பேசாமல் இருந்துவிட்டார்கள். கண்டதைச் செய்கிற பழக்கம் மட்டும் என்றால், விழுந்ததை எடுக்கிற விளையாட்டு மட்டும் என்றால், அப்போதும் எடுத்திருக்க வேண்டும். ஆக, மற்ற ஆளுக்கு என்ன தேவை, அது எங்கே தடைப்பட்டது என்று பேச்சு இன்னும் சரியாக வராத பிள்ளை கணக்குப் பார்க்கிறது. (குரங்குக் கதைக்கும் பதில் உண்டு. மனிதர் வளர்த்த மூன்று இளம் சிம்பன்சிகளையும் சோதித்தார்கள். எட்டாத பொருளை அவையும் எடுத்துக் கொடுத்தன. மருமகன் வேறு வசவு தேட வேண்டியதுதான்.)

பாவம் பார்க்கிறதா என்பது கஷ்டமான கேள்வி. 2012இல் வந்த ஓர் ஆய்வில் இரண்டு வயதுப் பிள்ளைகளின் கண்மணியை அளந்தார்கள். மனம் பதைத்தால் கண்மணி விரியும். ஒருவர் உதவி கிடைக்காமல் நிற்கும்போது விரிந்தே இருந்தது. பிள்ளை தானே உதவியபோது சுருங்கியது. வேறொருவர் போய் உதவியபோதும் அதேபோலச் சுருங்கியது. நான்தான் செய்தேன் என்ற பெயர் பிள்ளைக்கு வேண்டியிருக்கவில்லை, காரியம் ஒப்பேறினால் போதும். நம்முடைய ஊர்ச் சங்கங்கள் உபயகாரர் பெயர் பொறிக்கிற கல்வெட்டுகளை நினைத்துக்கொண்டேன்.

இனிக் கண்டோஸ். உங்களுக்குச் சரியாகப் படாதது சரிதான். வார்னெகென், டொமசெல்லோ இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 20 மாதப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு உதவும்தோறும் பரிசு கொடுத்தார்கள், இன்னொரு பகுதியினரை வாயால் பாராட்டினார்கள், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. பிறகு பரிசை நிறுத்திப் பார்த்தபோது, முன்பு பரிசு வாங்கியவர்கள்தான் குறைவாக உதவினார்கள். பாராட்டால் அந்தக் கெடுதல் வரவில்லை. சும்மா செய்த காரியத்துக்கு நாமே கூலி பேசிவிடுகிறோம். கூலி நின்றால் வேலையும் நிற்கும். மகளிடம் இதைச் சண்டையாக்காமல் சொல்லுங்கள், அவள் நினைத்தது நல்லதுதான்.

ஒன்றில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்: "ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை." தவழத் தொடங்கிய நாளிலிருந்து "குஞ்சு, அதை எடுத்தா" என்று ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்? கொண்டு வந்ததும் கை தட்டியிருப்பீர்கள். பிறவிக் குணமா, இந்த வீட்டுப் பழக்கமா என்று ஆய்வாளர்களே இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டும் கலந்துதான் என்பது என் எண்ணம்.

அந்தக் குணத்தை நாமே கெடுப்பதும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஹரியட் ரைங்கோல்ட் 1982இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் அறையை வீடு மாதிரி அமைத்து, கூட்டுவது, உடுப்பு மடிப்பது போன்ற வேலைகளைப் பெரியவர்கள் செய்யும்போது கவனித்தார். ஒன்றரை முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகள் கேட்காமலே கூடச் சேர்ந்தார்கள். ஆனால் சில பெற்றோர், குழப்படியாக இருக்கிறதென்று, பிள்ளை நித்திரையான பிறகுதான் வீட்டில் இந்த வேலைகளைச் செய்வதாகச் சொன்னார்களாம். என் அம்மாவும் அப்படித்தான். புழுக்கொடியல் காயப்போடும் பாய்க்குக் கிட்ட என்னை விட்டதில்லை, நான் மண்ணையும் சேர்த்துப் பரப்புவேன் என்று. பன்னிரண்டு வயதில் தும்புத்தடியைத் தந்து "முத்தத்தைக் கூட்டடா" என்றபோது எனக்குக் காது கேட்கவில்லை.

விசுக்கோத்து. அமெரிக்காவின் சியாட்டிலில் ஏறத்தாழ நூறு பிள்ளைகளோடு நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது, வயது 19 மாதம். முன்பின் தெரியாத ஒருவர் பழத்தைத் தவறவிட்டு எட்டி எடுக்கப் பார்த்தபோது 58 வீதமானோர் எடுத்துக் கொடுத்தார்கள். அவர் எட்ட முயலாதபோது கொடுத்தது 4 வீதம்தான். சாப்பாட்டு நேரத்தில் பசியோடு வந்த பிள்ளைகளில்கூட 37 வீதமானோர் கொடுத்தார்கள். சப்பிய விசுக்கோத்து அவ்வளவு பெரிய தியாகம் இல்லை, தந்து வாங்குகிற விளையாட்டாகவும் இருக்கலாம். வாங்கி, கடிப்பதுபோலக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். எப்படியும் திருப்பிக் கேட்பாள்.