மணி பிளான்டைக் கடித்த பூனை: வாசகர் கேள்விகளுக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி பூனையும் பூந்தொட்டியும்தான். அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்குக் கடிக்கக் கிடைக்கும் பச்சை தொட்டிச் செடி ஒன்றுதான், வேறு எதைக் கடிக்கும்?

எங்கள் பூனை மணி பிளான்ட் இலையைக் கடித்துவிட்டு நுரை நுரையாக எச்சில் வடித்தது. விஷமா? செடியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

சேனைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கிறதே, அதே சமாச்சாரம்தான். சேனை, சேம்பு, மணி பிளான்ட் மூன்றும் ஒரே குடும்பம். இலைக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கும். கடித்தால் வாயெல்லாம் குத்தும். நாம் புளி விட்டு வேகவைத்துச் சமாளிக்கிறோம், பூனை பச்சையாகக் கடிக்கிறது. உடனே எரிவதால் பெரும்பாலும் இரண்டாவது வாய் கடிக்காது. உயிருக்கு ஆபத்தாவது அபூர்வம்.

வாயை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் வையுங்கள். சில மணி நேரத்தில் அடங்கிவிடும். நாக்கு வீங்கினாலோ, மூச்சுவிடத் திணறினாலோ, மறுநாளும் சாப்பிடாமல் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். பிலோடென்ட்ரான், டிஃபன்பேக்கியா, ஜீஜீ செடி எல்லாமே இதே வகைதான். செடியைத் தூக்கிப் போட வேண்டாம். உயரத்தில் மாட்டி, கொடியைக் கீழே தொங்கவிடாமல் இருந்தால் போதும். ஆடும் கொடியைப் பார்த்தால் எந்தப் பூனைக்கும் கை சும்மா இருக்காது.

திருமண நாளுக்கு வந்த பொக்கேயில் லில்லிப் பூக்கள் இருந்தன. பூனை முகர்ந்து பார்த்தது, அவ்வளவுதான். மூக்கில் பூவின் மஞ்சள் நிறத் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. தின்னவில்லை. கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். இவருக்கு மட்டும் கேள்வி வந்த நிமிடமே தொலைபேசியில் பேசிவிட்டேன். மற்றவர்கள் இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

பொக்கேயில் வைக்கும் பெரிய, வாசனையுள்ள லில்லிகளும், டே லில்லி என்று தோட்டத்தில் வைப்பவையும் பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும். இலை, தண்டு, பூ, மகரந்தம், ஏன், பூச்சாடித் தண்ணீர்கூட ஆபத்துதான். பூனை நக்கித்தானே தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது? மூக்கிலும் ரோமத்திலும் ஒட்டிய தூள் நேராக வயிற்றுக்குள் போய்விடும். நாய் இதே பூவைத் தின்றால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு தப்பித்துவிடும். பூனைக்கு மட்டும் ஏன் இப்படி, எந்த வேதிப்பொருள் இதைச் செய்கிறது என்பது இன்னும் பிடிபடவில்லை.

இதில் ஏமாற்றுவது இடைவெளிதான். முதல் சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். அப்புறம் வாந்தி நின்று, தேறிவிட்டது போலத் தோன்றும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும். என்னிடம் மூன்றாம் நாள் கொண்டுவரப்பட்ட பூனைகளை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது. உள்ளே போன 18 மணி நேரத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் விடாமல் ட்ரிப்ஸ் ஏற்றினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆகவே தூளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பூவைப் படம் எடுத்துக்கொண்டு, உடனே கிளம்புங்கள். காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அப்படியானால் வரவேற்பறையில் உள்ள பீஸ் லில்லி?

பெயரில்தான் லில்லி. அது மணி பிளான்டின் உறவுக்காரி. வாய் எரியும், சிறுநீரகத்தைத் தொடாது.

பாம் வகைகள் எல்லாம் பூனைக்குப் பாதுகாப்பு என்கிறார்களே?

இங்கேயும் பெயர்தான் வில்லன். அரேகா பாம் தாராளமாக வைக்கலாம். ஆனால் நர்சரியில் ‘சாகோ பாம்’ என்று விற்கும் சைக்கஸ் பனை இனமே அல்ல. எல்லாப் பகுதியும் நஞ்சு, கொட்டை அதிலும் மோசம், ஈரல் போய்விடும். பூனை வளர்க்கும் வீட்டில் அது வேண்டாம்.

மாடித்தோட்டத்தில் துளசி, கற்பூரவல்லி, கற்றாழை, ரணகள்ளி, அரளி இருக்கின்றன. மூலிகைதானே, பயமில்லையே?

மூலிகை நமக்கு. பூனையின் ஈரல் வேறு மாதிரி வேலை செய்கிறது. நம் உடல் சுலபமாக உடைத்து வெளியேற்றும் பல பொருள்களை அதனால் அப்படிச் செய்ய முடியாது. துளசி பிரச்சினை இல்லை. கற்பூரவல்லியை நிறைய மென்றால் அதிலுள்ள எண்ணெயால் வாந்தியும் பேதியும் வரலாம். கற்றாழையில் தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பாலும் அதையே செய்யும். ரணகள்ளியில் இதயத் துடிப்பைக் கெடுக்கும் பொருள்கள் உண்டு, எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். அரளி மனிதனையே கொல்லும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பூனைக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

களை பிடுங்கும்போது குப்பைமேனி வேரைப் போட்டேன். பூனை அதன் மேல் புரண்டு புரண்டு விளையாடியது. பைத்தியம் பிடித்துவிட்டதா?

இல்லை, சொக்கிப்போயிருக்கிறது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் சும்மாவா வந்தது? வெளிநாட்டுப் பூனைகள் கேட்னிப் என்ற செடிக்கு மயங்குவது போல நம் பூனைகள் இந்த வேருக்கு மயங்குகின்றன. எல்லாப் பூனையும் மயங்காது, குட்டிகள் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. புரளட்டும், தின்ன மட்டும் விடாதீர்கள். காசு கொடுத்துக் கேட்னிப் பொம்மை வாங்குகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்!

எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

கூடாது. உப்பே தனி விஷமாகிவிடும். எண்ணெய், பால் எதையும் ஊற்ற வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குள் போகும். சோர்வாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். செடியின் ஒரு கிளையை ஒடித்துக் கையோடு எடுத்து வாருங்கள், எனக்கு அதுதான் உதவி.

சரி, பயமில்லாமல் எதைத்தான் வைப்பது?

ஸ்பைடர் பிளான்ட், அரேகா, பாஸ்டன் ஃபெர்ன், மல்லிகை. கூடவே ஒரு அகலத் தட்டில் அருகம்புல். தனக்கென்று புல் இருந்தால் பல பூனைகள் மற்ற தொட்டிகளை விட்டுவிடுகின்றன; தின்றுவிட்டுக் கொஞ்சம் கக்குவது வழக்கம்தான். பூச்சி மருந்து மட்டும் அதில் படக்கூடாது. இன்னொன்று, செடியை மட்டும் பார்க்காதீர்கள், மண்ணையும் பாருங்கள். மீன் அமிலம் (மீனிலிருந்து செய்யும் திரவ உரம்) ஊற்றிய தொட்டியைப் பூனை தோண்டாமல் விடாது. அந்த மண்ணில் ஆமணக்குப் புண்ணாக்கும் கலந்திருந்தால் நிலைமை மோசம், அதில் ரைசின் என்ற கடும் நஞ்சு மிச்சமிருக்கலாம். கடலைப் புண்ணாக்குக்கு மாறிக்கொள்ளுங்கள். தொட்டி மண்ணின் மேல் கூழாங்கல் பரப்பிவிட்டால் தோண்டுவதும் நிற்கும், அதையே கழிப்பறையாக்கிக்கொள்வதும் நிற்கும்.