டிராகன் இருக்கட்டும், நிழலை எப்படிக் காட்டுவீர்கள்?

கேள்வி: உர்சுலா லெ குவினின் ‘எர்த்சீ’ நாவல்களைச் சமீபத்தில்தான் படித்து முடித்தேன். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ போல இதையும் பிரம்மாண்டமான திரைப்படமாக எடுக்க வேண்டாமா? இன்றைய கிராபிக்ஸ் வசதிக்கு டிராகன் எல்லாம் ஒரு விஷயமா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: வேண்டாம். கிராபிக்ஸ் வளர வளர என் பதில் இன்னும் உறுதிப்படுகிறது.

நீங்கள் சொல்லும் டிராகனையே எடுத்துக்கொள்வோம். 1968-இல் வெளிவந்த முதல் நாவலில் நாயகனான இளம் மந்திரவாதி கெட் தன்னந்தனியாகப் படகோட்டிக்கொண்டு பெண்டர் தீவுக்குப் போகிறான். இளம் டிராகன்களோடு நடக்கும் சண்டையை லெ குவின் மளமளவென்று முடித்துவிட்டு, கிழட்டு டிராகனிடம் வந்து சாவகாசமாக உட்கார்ந்துகொள்கிறார். அங்கே நடப்பது பேச்சு, பேரம். அந்த உலகில் ஒன்றின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு. கெட் டிராகனின் உண்மைப் பெயரைச் சொல்கிறான், அது கட்டுப்படுகிறது. இந்த அத்தியாயம் ஒரு தயாரிப்பாளர் கையில் கிடைத்தால் எந்தப் பாதி இருபது நிமிடமாக நீளும், எந்தப் பாதி காணாமல் போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உச்சக்கட்டம் அந்தத் தயாரிப்பாளருக்கு இன்னும் பெரிய தலைவலி. (நாவலைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) தன் மந்திரத்தால் தானே கட்டவிழ்த்துவிட்டு, கதை முழுக்கத் தன்னைத் துரத்திய நிழலைக் கெட் நேருக்கு நேர் சந்திக்கிறான். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். அது அவனுடைய பெயர். முடிந்தது யுத்தம். வென்றவர் இல்லை, தோற்றவர் இல்லை. அந்த நிழலுக்கு லெ குவின் நிலையான முகம் எதையும் தரவில்லை. திரையில் ஏதாவது ஒரு முகத்தைத் தந்தே தீர வேண்டும். தந்த மறுகணமே அது இன்னொரு பூதம்.

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ சங்கதி வேறு. டோல்கீனின் கதையில் முற்றுகை உண்டு, குதிரைப்படை உண்டு, அழித்தே ஆக வேண்டிய ஒரு மோதிரம் உண்டு. பீட்டர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாக எடுத்தார். மூன்றாவது 11 ஆஸ்கர்களை அள்ளியது. அவருக்கான போர்க்களத்தை டோல்கீனே எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். எர்த்சீயின் முதல் நாவலில் எதிரி குடியிருப்பது கதாநாயகனுக்குள்.

இதெல்லாம் வெறும் ஊகம் என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே இரண்டு முறை எடுத்துப் பார்த்தாகிவிட்டது. 2004 டிசம்பரில் அமெரிக்காவின் சை-ஃபை சேனல் முதல் இரண்டு நாவல்களையும் ஒன்றாகக் கலந்து குறுந்தொடராக்கியது. ஜாக்சனின் திரைக்கதையாளர்களில் ஒருவரான ஃபிலிப்பா பாயன்ஸ் எழுதுவார் என்ற பேச்சை முக்கியமாக நம்பித்தான் லெ குவின் உரிமையைக் கொடுத்தார். கடைசியில் எழுதியவர் வேறொருவர். ஒப்பந்தத்தில் லெ குவினுக்கு ‘ஆலோசகர்’ என்று ஒரு பட்டம் இருந்தது. ஆலோசனை கேட்கத்தான் ஆள் இல்லை. உண்மைப் பெயர் எது, ஊரார் கூப்பிடும் பெயர் எது என்பதையே தொடர் தலைகீழாக்கியது. அந்த உலகத்தின் மந்திரம் முழுவதும் அந்த வேறுபாட்டின்மேல் நிற்கிறது என்பதை நாவலைப் புரட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய அநியாயம் நிறத்தில் நடந்தது. நாவலில் கெட் செம்பழுப்பு நிறத்தவன். நண்பன் வெட்ச் கறுப்பன். வெள்ளைத் தோல்காரர்கள் கார்காத் தீவுகளிலிருந்து சூறையாட வருபவர்கள். தொடரில் கெட் வெள்ளையன்! லெ குவின் ‘ஸ்லேட்’ இதழில் வெளுத்து வாங்கினார். நியாயமான கோபம். கெட்டின் நிறத்தை அவர் எடுத்த எடுப்பில் அறிவிக்கவில்லை. வாசகன் அவனோடு நன்றாக ஒன்றிப்போன பிறகு, போகிற போக்கில் சொல்கிறார். வெள்ளை நாயகர்களுக்கே பழகிப்போன வாசகனை மெல்ல உள்ளே இழுக்க அவர் செய்த தந்திரம் அது. கேமராவுக்கு இந்த வசதி கிடையாது. முகத்தை முதலிலேயே காட்டியாக வேண்டும். இவர்களோ முகத்தையே மாற்றிவிட்டார்கள். (அட்டைப்பட ஓவியர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். முதல் பதிப்புக்கு ரூத் ராபின்ஸ் வரைந்த அட்டை ஒழுங்காக இருந்தது. பின்னால் வந்த பல அட்டைகளில் கெட் வெளுத்துப்போனான்.)

இரண்டாவது முயற்சி வருத்தமானது. அங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாஸகி அனுமதி கேட்டு எழுதினார். அனிமேஷன் என்றால் டிஸ்னி பாணி என்றே எண்ணியிருந்த லெ குவின் மறுத்துவிட்டார். பின்னாளில் மியாஸகியின் ‘டோட்டோரோ’வைப் பார்த்து மனம் மாறினார். ஆனால் 2006-இல் வந்த படத்தை இயக்கியவர் மகன் கோரோ. அதுதான் அவருடைய முதல் படம். இளவரசன் அரென் தன் தந்தையைக் கத்தியால் குத்துவதோடு கதை தொடங்குகிறது. நாவலில் அப்படி எதுவும் கிடையாது. படம் பார்த்துவிட்டு லெ குவின் கோரோவிடம், ‘இது என் புத்தகம் அல்ல, உங்கள் படம். நல்ல படம்’ என்றார். தனிப்பேச்சில் சொன்ன அந்த வார்த்தை வெளியே வந்ததும், தன் முழுக் கருத்தையும் எழுதிவிட்டார். தீமையை ஒரு வில்லனிடம் மொத்தமாக ஒப்படைத்து, அவனைக் கொன்று எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறது படம் என்பது அவருடைய முக்கியமான குறை. அவசரமாகச் செய்த அனிமேஷனைப் பற்றியும் அவர் குறைப்பட்டார்தான், ஆனால் முக்கியமான குறை அது அல்ல என்பதைக் கவனியுங்கள்.

கண்ணும் காதும் சும்மா இருக்க மறுத்தால் வேறு வழிகள் உண்டு. பிபிசி வானொலி 1996-இல் முதல் நாவலை நாடகமாக்கியது. கதை சொல்பவர் ஜூடி டென்ச். பெயரை உச்சரிப்பதே மந்திரமாக இருக்கும் கதைக்கு வானொலியைவிடப் பொருத்தமான ஊடகம் எனக்குத் தோன்றவில்லை. படம்தான் வேண்டும் என்றால், 2018-இல் எர்த்சீ கதைகள் முழுவதும் ஒரே தொகுப்பாக வந்தன. அதன் ஓவியங்களைச் சார்லஸ் வெஸ் சில ஆண்டுகள் லெ குவினோடு கலந்து பேசிப் பேசி வரைந்தார். நீங்கள் கேட்ட டிராகனும் அதில் இருக்கிறது. தலையணை கனம், விலையும் அதற்கேற்றபடி. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.